கணிப்பொறிக் கடைசல் எந்திரமும் நம் இளைஞர்களும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற பொதுக்குழுவில் எழுந்த வினா ஒன்றுக்கு விடை கூறுமாறு செயலாளர் நம்மைப் பணித்துள்ளார். கழகக் கட்டடத்தின் பின்புறத் தகரக் கொட்டகையில் இப்பொழுது நிற்கும் கடைசல் எந்திரத்தைப் பற்றியது அவ்வினா. "ஒரு பட்டறை முப்பதாண்டு ஓட்டிக் கழித்துவிட்ட எந்திரத்தை நாம் ஏன் விலை கொடுத்து வாங்க வேண்டும்? நம் பிள்ளைகளுக்கு எப்போதும் பிறர் கழித்ததுதானா?" என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். பழைய சட்டை, பழைய புத்தகம், மிஞ்சிய சோறு என்று வளர்ந்த தலைமுறையின் வலி அக்கேள்வியில் இருக்கிறது. அதை எளிதில் ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. எனினும், இந்த ஒரு பொருளில் பழையதே கற்பவனுக்கு நல்லது என்பது நம் துணிபு. அதனை விளக்கவே இவ்வுரை.

வரலாறு படித்துப் பட்டம் பெற்ற ஆசிரியர் எந்திரத்தைப் பற்றி என்ன பேசுவார் என்று முன்வரிசையில் சிலர் புன்னகைப்பது தெரிகிறது. புன்னகை நியாயமானதே. கோவைப் பட்டறைகளில் செட்டராக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் கழக உறுப்பினர் ஒருவரிடம், சென்ற கோடை விடுமுறை முழுவதும் நாம் மாணவராக அமர்ந்தோம். இங்கே கூறுபவை அவரிடம் கற்றவையும், எந்திரத்தோடு வந்த கையேட்டில் படித்தவையும் ஆகும். அவரையே பேச அழைத்தோம். "மேடை எனக்கு வேண்டாம் சார். எந்திரத்துப் பக்கத்துல நின்னா எவ்வளவு நேரம்னாலும் பேசுறேன்" என்று மறுத்துவிட்டார்.

சாதாரண லேத்தைப் பார்க்காதவர் இங்கே இலர். சக்கில் இறுகப் பிடித்த தடி சுழல்கிறது. உளி அதன்மேல் படிந்து சீவுகிறது. உளியை நீளவாட்டில் நகர்த்த ஒரு கைச்சக்கரம், குறுக்கே நகர்த்த இன்னொரு கைச்சக்கரம். கடைசல்காரரின் திறமை முழுவதும் அவ்விரு கைகளில் இருக்கிறது. கணிப்பொறிக் கடைசல் எந்திரத்தில் அவ்விரு கைச்சக்கரங்களின் இடத்தில் இரண்டு மோட்டார்களும் இரண்டு பந்துத் திருகுகளும் உள்ளன. திருகு எத்தனை சுற்றுச் சுற்றியது, உளி எவ்வளவு தொலைவு சென்றது என்பதை ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை கணிப்பொறி எண்ணிக்கொள்கிறது. எங்கே போக வேண்டும், எவ்வளவு விரைவாகப் போக வேண்டும் என்பதை மட்டும் மனிதன் எழுதித் தர வேண்டும். அவ்வெழுத்துக்கு ஆணைத்தொடர் என்று பெயர். பட்டறையில் புரோகிராம் என்பர்.

இது தோன்றிய கதையில் நாம் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளைச் செய்துவந்த ஜான் பார்சன்ஸ் என்பவர், வளைந்த உருவத்தைப் புள்ளிகளாகக் கணக்கிட்டு, அப்புள்ளிகளின் வழியே எந்திரத்தைச் செலுத்தலாம் என்று கருதினார். 1949இல் அந்நாட்டு விமானப்படை அதற்குப் பொருளுதவி செய்தது. 1952இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், துளையிட்ட காகித நாடாவைப் படித்து இயங்கும் மில்லிங் எந்திரம் மக்கள் முன் ஓட்டிக் காட்டப்பட்டது. பார்சன்ஸ் கல்லூரிப் பட்டம் பெற்றவர் அல்லர் என்பதை இளைஞர்கள் குறித்துக்கொள்க.

அதே காலத்தில் இன்னொரு முறையும் ஆராயப்பட்டது. தேர்ந்த தொழிலாளி முதல் பொருளைத் தம் கையால் கடைய, அவருடைய கையசைவுகளைக் காந்த நாடா பதிந்துகொள்ள, பின்னர் எந்திரம் அதையே திரும்பத் திரும்பச் செய்யும் முறை அது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1940களின் பிற்பகுதியில் அதை உருவாக்கியது. ஆயினும் அது பரவவில்லை. அலுவலகத்தில் எழுதப்பட்டு, பட்டறைக்கு இறக்கித் தரப்படும் ஆணைத்தொடரே வென்றது. ஏன் அவ்வாறு நேர்ந்தது? டேவிட் நோபிள் என்ற வரலாற்றாசிரியர் 1984இல் வெளியிட்ட நூலில், தொழிலாளியின் கையிலிருந்த அறிவைத் தம் கைக்கு மாற்றிக்கொள்ள நிர்வாகங்கள் விரும்பியதும் ஒரு காரணம் என்று வாதிட்டார். அனைவரும் அதை ஏற்கவில்லை. வளைவு மிகுந்த விமான உறுப்புகளைக் கையால் கடைந்து பதிவு செய்ய முடியாது என்ற மறுப்பும் உண்டு. அதிலும் உண்மை இருக்கிறது. நமக்கு வேண்டிய செய்தி வேறு. எழுதுகிறவர் ஒருவர், பொத்தானை அழுத்துகிறவர் வேறொருவர் என்ற பிளவு இந்த எந்திரத்தின் பிறப்பிலேயே தொடங்கிவிட்டது. எழுத்து ஓரிடத்திலும் உழைப்பு வேறிடத்திலும் இருந்தால் என்ன நேரும் என்பதை நம் மக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நம் கொட்டகையிலுள்ள எந்திரத்தின் பலகையில், பச்சைப் பொத்தானுக்கு மேலே சிறிய சாவித்துளை ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாவியைத் திருப்பி எடுத்துவிட்டால் ஆணைத்தொடரை ஓட்டலாம், திரையில் படிக்கலாம், ஆனால் ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது. தவறிப்போய் யாரும் அழித்துவிடக் கூடாது என்பதற்காக அமைத்த நல்ல ஏற்பாடு அது. நடைமுறையில் அச்சாவி யாருடைய சட்டைப்பையில் இருக்கிறது என்பதே பட்டறையில் ஒருவருடைய நிலையைக் கூறிவிடுகிறது. சாவி உள்ளவர் செட்டர். இல்லாதவர் லோடிங் ஆள். தடியைப் பொருத்தி, கதவை மூடி, பொத்தானை அழுத்தி, முடிந்ததும் எடுத்து அடுக்குபவர்.

நம் பள்ளியில் பயின்று, பின்னர் ஐ.டி.ஐ. முடித்த இளைஞர் ஒருவர் ஒரு தொழிற்கூடத்தில் நான்காண்டுகள் லோடிங் ஆளாகவே இருந்தார். அவருக்குப் பின்னர் சேர்ந்தவர், மேற்பார்வையாளரின் உறவினர், ஆறு மாதத்தில் சாவியைப் பெற்றார். நம் இளைஞர் தமக்கும் கற்றுத் தருமாறு கேட்டபோது, "உனக்கு அதெல்லாம் வராது" என்பதே விடையாகக் கிடைத்தது. வராது என்பதற்கு அவர்களிடம் சான்று எதுவும் இல்லை. வரும் என்று காட்டுவதற்கு நம் இளைஞரிடமும் அன்று சான்று இல்லை. அந்தச் சான்றைத் தருவதற்காகவே இந்த எந்திரத்தை வாங்கினோம்.

இனி, உண்மையிலேயே அது கடினமானதா என்று பார்ப்போம். மின்மோட்டார் பம்பு ஒன்றின் தண்டை எடுத்துக்கொள்வோம். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுத் தடி. அதன் முனையில் 40 மில்லிமீட்டர் நீளத்துக்கு விட்டத்தை 30 ஆகக் குறைக்க வேண்டும். 6206 என்ற எண்ணுள்ள பேரிங்கு அங்கே வந்து அமரும். அதன் உள்விட்டம் 30. முனையில் 2 மில்லிமீட்டருக்குச் சாய்வு எடுக்க வேண்டும். இல்லையெனில் பேரிங்கு ஏறும்போது கடிக்கும்.

முதலில் சுழி எங்கே என்று முடிவு செய்ய வேண்டும். தடியின் முன்முகத்தின் நடுப்புள்ளியே நமக்குச் சுழி. குறுக்கு அச்சுக்கு எக்ஸ் என்றும் நீள அச்சுக்கு இசட் என்றும் பெயர். முகத்திலிருந்து வெளியே, காற்றில் இருக்கும் இடமெல்லாம் இசட் மிகை எண். தடிக்குள், சக்கை நோக்கிச் செல்வதெல்லாம் குறை எண். ஒன்பதாம் வகுப்பில் வரைபடத்தாளில் நாம் கற்பிக்கும் ஆயத்தொலைவுகள்தாம் இவை. "குறை எண் வாழ்க்கையில் எதற்கு ஐயா பயன்படும்?" என்று கேட்டு நம்மைத் திணறடித்த மாணவர்கள் பலர். இதோ பயன்படுகிறது. கடைசல் எந்திரத்தில் ஒரு தனி வழக்கமும் உண்டு. எக்ஸ் என்பதற்கு நேரே எழுதுவது ஆரமன்று, விட்டம். வரைபடத்திலும் அளவுகோலிலும் விட்டமே இருப்பதால் அவ்வாறு வைத்தார்கள். ஆகவே 40இலிருந்து 35க்கு இறங்கினால், உளி உண்மையில் ஆழ்வது இரண்டரை மில்லிமீட்டரே.

கரும்பலகையில் எழுதிக்காட்டிய ஆணைத்தொடரை அச்சிலும் தருகிறோம். எந்திரத்தின் விசைப்பலகையில் ரோமன் எழுத்துகளே உள்ளன; இங்கே அவற்றின் ஒலியைத் தமிழில் குறித்துள்ளோம். நம்முடையது ஃபேனக் வகைக் கட்டுப்பாடு. பிற வகைகளில் சில குறிகள் வேறுபடும்.

ஓ0001
என்10 ஜி21 ஜி40 ஜி99
என்20 ஜி28 யு0 டபிள்யூ0
என்30 டி0101
என்40 ஜி50 எஸ்2000
என்50 ஜி96 எஸ்120 எம்03
என்60 ஜி00 எக்ஸ்42.0 இசட்2.0 எம்08
என்70 இசட்0
என்80 ஜி01 எக்ஸ்-1.6 எஃப்0.15
என்90 ஜி00 இசட்2.0
என்100 எக்ஸ்35.0
என்110 ஜி01 இசட்-39.9 எஃப்0.2
என்120 எக்ஸ்42.0
என்130 ஜி00 இசட்2.0
என்140 எக்ஸ்30.6
என்150 ஜி01 இசட்-39.9
என்160 எக்ஸ்42.0
என்170 ஜி00 இசட்2.0
என்180 எக்ஸ்22.0
என்190 ஜி01 எக்ஸ்30.0 இசட்-2.0 எஃப்0.1
என்200 இசட்-40.0
என்210 எக்ஸ்42.0
என்220 ஜி28 யு0 டபிள்யூ0 எம்09
என்230 எம்05
என்240 எம்30

இவ்வளவே. மிரள வேண்டாம். என் என்பது வரியின் எண். ஜி என்பது எப்படிச் செல்ல வேண்டும் என்பது. எம் என்பது சுழற்று, நிறுத்து, குளிர்நீரைத் திற, மூடு போன்ற வேலைகள். ஜி00 என்றால் வெட்டாமல் விரைந்து போ. ஜி01 என்றால் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டு போ. எஃப் என்பது ஊட்டம், பட்டறையில் ஃபீடு என்பர். தடி ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் உளி எவ்வளவு நகர வேண்டும் என்பதாகும். ஜி00, ஜி01 போன்றவை ஒருமுறை சொன்னால் மாற்றிச் சொல்லும் வரை நிலைத்திருக்கும். அதனாலேதான் என்120இல் ஜி01 எழுதாமலேயே உளி வெட்டும் வேகத்தில் வெளியேறுகிறது.

கதையாக வாசித்தால் இப்படி இருக்கும். மில்லிமீட்டரில் பேசுவோம், உளிமேடையைத் தன் இருப்பிடத்துக்கு அனுப்பு, முதல் உளியை முன்னால் கொண்டு வா, சுழற்று, முகத்தைச் சீவு, 35க்கு ஒரு வெட்டு, 30.6க்கு இன்னொரு வெட்டு, பிறகு மெருகு வெட்டு. குளிர்நீரை மூடு, நிறுத்து, முடி. முகத்தைச் சீவும்போது சுழியில் நிற்காமல் எக்ஸ்-1.6 வரை சென்றது ஏன்? உளியின் மூக்கு ஊசிமுனை அன்று; 0.8 மில்லிமீட்டர் ஆரமுள்ள சிறு வளைவு. நடுவைக் கடந்து சென்றால்தான் முகத்தின் நடுவில் குமிழ் எஞ்சாது. முதல் இரு வெட்டுகளும் 39.9இல் நின்றது ஏன்? தோளில் ஒரு தாளளவு உலோகத்தை மெருகு வெட்டுக்கு விட்டுவைத்தோம். சாய்வுக்கு முன் எக்ஸ்22.0 எங்கிருந்து வந்தது என்று வீட்டில் கணக்கிட்டுப் பாருங்கள். 45 பாகைக் கோட்டை முகத்துக்கு 2 மில்லிமீட்டர் வெளியே நீட்டினால் அவ்விடம் கிடைக்கும்.

அந்த மூக்கு வளைவினால் தோளின் மூலையிலும் 0.8 ஆரமுள்ள சிறு வளைவு எஞ்சும். பேரிங்கு தோளோடு ஒட்டி அமருமா? 6206 பேரிங்கின் உள்வளைய மூலை குறைந்தது 1 மில்லிமீட்டருக்கு மழுக்கப்பட்டிருக்கும்; ஆகவே அமரும். மூக்கு 1.2 உள்ள உளியைப் போட்டிருந்தால் பேரிங்கு மூலை வளைவின்மேல் ஏறி நின்றுவிடும். பம்பு சில நாளில் இரையத் தொடங்கும். இதை எந்தக் கணிப்பொறியும் எச்சரிக்காது. நம் செட்டர் இதைக் கூறியபோதுதான், ஆணைத்தொடர் என்பது ஏதோ மந்திரமன்று, தொழில் அறிந்தவரின் அறிவை எழுத்தில் இறக்கியதே என்பது நமக்கு விளங்கியது.

ஜி96 எஸ்120 என்ற வரியில் ஏழாம் வகுப்புக் கணக்கு ஒளிந்திருக்கிறது. வட்டத்தின் சுற்றளவு பை பெருக்கல் விட்டம். உளியைக் கடந்து நிமிடத்துக்கு 120 மீட்டர் எஃகு ஓட வேண்டும் என்பது கட்டளை. விட்டம் 40 என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 955 சுற்று. 30 என்றால் 1,273 சுற்று. விட்டம் குறையக் குறையச் சுற்று கூடும். முகத்தைச் சீவிக்கொண்டு நடுப்புள்ளியை அணுகும்போது என்ன ஆகும்? கணக்குப்படி முடிவிலி! அதற்குத்தான் ஜி50 எஸ்2000 என்று மேல்வரம்பு கட்டினோம். விட்டம் 19 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கியதும் 2,000 சுற்றிலேயே நிற்கும். அந்த ஒரு வரியை விட்டுவிட்டால் சக்கு தன் உச்ச வேகத்துக்குப் போகும். வேகம் மிக மிகச் சக்கின் தாடைகள் வெளிப்புறம் இழுபட்டுப் பிடி தளரும். பிடி தளர்ந்த தடி வெளியே பாயும். விதியை மனப்பாடமாகக் கற்றவன் அந்த வரியை மறப்பான். காரணத்தோடு கற்றவன் மறக்கமாட்டான் என்பதை வகுப்பறையில் பல்லாண்டாகக் கண்டுவருகிறோம்.

இப்பொழுது புள்ளிக்கு வருவோம். பழைய எந்திரத்தின் மிகக் கொடிய குணம் இது. எக்ஸ்35.0 என்று புள்ளியோடு எழுதினால் முப்பத்தைந்து மில்லிமீட்டர். புள்ளியை விட்டு எக்ஸ்35 என்று எழுதினால், ஆயிரத்தில் முப்பத்தைந்து மில்லிமீட்டர்! என்100இல் அப்படி நேர்ந்தால், உளி காற்றிலேயே நடுப்புள்ளி வரை இறங்கி நிற்கும். அதுவரை ஆபத்தில்லை. அடுத்த வரியில் அது நேரே தடியின் முகத்துக்குள் புகும். இரண்டரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெட்ட வந்த உளி இருபது மில்லிமீட்டர் எஃகை எதிர்கொள்ளும். உளி நொறுங்கும்; தடி சக்கிலிருந்து பிடுங்கப்படும்; உளிமேடையின் நேர்த்தி கெடும். எழுத்தில் ஒரு புள்ளியால் பொருள் மாறும் என்பதைத் தமிழ் படித்த பிள்ளைக்குத் தனியே கூற வேண்டுமா? 'கல்' என்பதற்கும் 'கல' என்பதற்கும் உள்ள வேறுபாடு ஒரு புள்ளிதானே!

ஆகவே முதல் தடியை யாரும் நேரே ஓட்டுவதில்லை. சக்கில் தடியில்லாமல் வெறுமனே ஓட்டிப் பார்க்க வேண்டும். பின்னர், ஒவ்வொரு வரிக்கும் நின்று மறுபடி பொத்தானை அழுத்தச் சொல்லும் முறையில், விரைவு நகர்வைக் குறைத்து வைத்து, ஒரு கை நிறுத்தும் பொத்தானின் மேலிருக்க, அடுத்த வரியைத் திரையில் படித்து, உளி எங்கே போகப் போகிறது என்பதை முன்கூட்டியே மனத்தில் கண்டபின் அழுத்த வேண்டும். முழு வேகத்தில் ஜி00 நொடிக்கு ஒரு சாண் தொலைவுக்குக் குறையாமல் பாயும். பார்த்த பின் நிறுத்த நேரமிராது.

பழைய எந்திரத்தின் பெருமையும் இங்கேதான் இருக்கிறது. புதிய எந்திரங்களின் திரையில் வண்ணப் படம் ஓடிக் காட்டும். விட்டம் என்ன, நீளம் என்ன என்று கேட்டுத் தானே ஆணைத்தொடரை எழுதிக்கொள்ளும் எந்திரங்களும் உள்ளன. பெரிய கூடங்களில் வேறோர் அறையிலுள்ள கணிப்பொறியே அனைத்தையும் எழுதி அனுப்பிவிடுகிறது. வேலைக்கு அவை சிறந்தவை, குறை கூறவில்லை. ஆனால் அங்கே கற்பவன் எழுத்தைப் பார்ப்பதே இல்லை. நம் எந்திரத்தின் சிறு திரையில் எழுத்து மட்டுமே உண்டு, படம் இல்லை. படம் நம் மனத்தில்தான் ஓட வேண்டும். புதிய எந்திரத்துக்குள்ளேயும், படத்துக்குப் பின்னால் ஓடுவது பெரும்பாலும் இதே ஜியும் எம்மும்தாம். அவ்வெழுத்துமுறை 1982இலேயே ஐ.எஸ்.ஓ. 6983 என்ற அனைத்துலகத் தரமாக வகுக்கப்பட்டது. இன்று கொட்டகையில் இதைக் கற்பவன் நாளை புதிய எந்திரத்தின் முன் நின்றால், பொத்தான்களின் இடம்தான் அவனுக்குப் புதிதாக இருக்கும்.

பழமை பற்றி ஒரு சிறு செய்தி. வரலாற்று ஆசிரியரின் ஆசை, பொறுத்தருள்க. இத்தகைய எந்திரங்களின் நினைவகத்தை மீட்டர் கணக்கில் கூறுவார்கள். 80 மீட்டர் நினைவகம் என்பார்கள். துளையிட்ட காகித நாடாவில் ஓர் அங்குலத்துக்குப் பத்து எழுத்து. அத்தகைய நாடா எத்தனை மீட்டர் நீளத்துக்கு உள்ளே அடங்கும் என்பது பொருள். நாடா வழக்கொழிந்த பின்னரும் அளவு தங்கிவிட்டது. 80 மீட்டர் என்பது ஏறத்தாழ 31,500 எழுத்துகள். நாம் எழுதிய பம்புத் தண்டின் ஆணைத்தொடர் முக்கால் மீட்டர் அளவே. நினைவகம் மின்கலத்தால் காக்கப்படுகிறது. மின்கலத்தை மாற்றும்போது எந்திரம் மின்னோட்டத்தில் இருக்க வேண்டும். அணைத்துவிட்டு மாற்றினால் எல்லாம் அழிந்துபோம். ஆகவே எல்லா எண்களையும் தாளில் எழுதி இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறோம்.

தண்டுக்கு மீள்வோம். ஆணைத்தொடர் சரியாக ஓடி முடிந்தது. மைக்ரோமீட்டரில் அளந்தால் 30.05 காட்டுகிறது. வரைபடம் கேட்பதோ 30.002க்கும் 30.015க்கும் இடைப்பட்ட அளவு. தலைமயிரின் பருமனில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும். ஆணைத்தொடரைத் திருத்த வேண்டியதில்லை. டி0101 என்பதில் பின்னிரண்டு இலக்கங்கள் உளியின் திருத்தக் கணக்கைக் குறிக்கும். பட்டறையில் ஆஃப்செட் என்பர். அந்தக் கணக்கில் 0.04 குறைத்து எழுதினால் அடுத்த தண்டு 30.01 ஆக வரும். உளி தேயத் தேய இக்கணக்கை மாற்றிக்கொண்டே இருப்பர். பூட்டின் சாவி இதைத் தடுக்காதவாறு பெரும்பாலும் வைத்திருப்பதால், லோடிங் ஆளும் இதைச் செய்கிறார். ஆனால் "அளவு கூடினா குறைச்சுப் போடு" என்ற வாய்மொழியாகவே அவருக்கு இது தரப்படுகிறது. விட்டத்தில் குறைக்கிறோமா ஆரத்தில் குறைக்கிறோமா என்பதைக் கேட்டால் விடை கூற இயலுவதில்லை. நம் கொட்டகையில் கற்பவர் அதற்கு விடை கூறிய பின்னரே எண்ணைத் தட்ட வேண்டும் என்பது செட்டர் வகுத்த விதி.

எழுத்து மட்டும் போதும் என்று எவரும் கருதிவிடலாகாது. ஊட்டத்தைப் பாதியாக்கினால் மேற்பரப்பின் வரிகள் நான்கில் ஒரு பங்காகத் தணியும் என்று கணக்கு சொல்லும். ஆனால் உளி அதிர்ந்து கிறீச்சிடுவதைக் காதுதான் சொல்லும். சீவல் நீலமாக வருகிறதா, சுருண்டு உடைகிறதா, நாடாபோல் நீண்டு தடியைச் சுற்றுகிறதா என்பதைக் கண்தான் சொல்லும். சுற்றிய சீவலைக் கையால் இழுக்கவே கூடாது. சுழலும் தடியருகே கையுறையும் தளர்ந்த ஆடையும் ஆகா. கடைசலில் கைப்பழக்கம் தந்தையிடமிருந்தோ மாமனிடமிருந்தோ உறவுவழியில் பாய்ந்துவந்த காலம் ஒன்று உண்டு. அவ்வுறவு இல்லாதவன் வாசலில் நின்றான். கையேட்டில் அச்சிட்ட எழுத்து யாருடைய மகன் படிக்கிறான் என்று கேட்பதில்லை. அது ஆங்கிலத்தில் இருக்கிறது என்பது உண்மைதான். நாம் பார்த்தவரை, இருநூறு சொற்களுக்குள் அதன் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. அவற்றைத் தமிழ் விளக்கத்தோடு தாளில் எழுதி வைத்துள்ளோம்.

பெண் மக்களும் சேரலாமா என்று தாய்மார்கள் கேட்டார்கள். சேரலாம், சேர வேண்டும். மேலே கூறிய தண்டு மூன்று நான்கு கிலோவுக்கு மேல் இராது. ஒரு குடம் தண்ணீரை விட மிகவும் குறைவு. கூந்தலை இறுகக் கட்டித் தொப்பிக்குள் அடக்கிக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றே தனி விதி.

வகுப்பு ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும். ஒரே நேரத்தில் எண்மருக்கு மேல் எந்திரத்தருகே நிற்க இடமில்லை. ஆகவே பெயர் பதிந்த வரிசைப்படி அழைப்போம். முதல் மூன்று வாரம் எந்திரம் ஓடாது. வெர்னியரும் மைக்ரோமீட்டரும் பார்க்கப் பழகி, கட்டமிட்ட தாளில் உளியின் வழியைப் பென்சிலால் வரைந்து காட்டியவரே நான்காம் வாரம் பலகையருகே வருவார். பலகையின் சாவி கொட்டகைக் கதவின் உட்புறம் ஆணியில் தொங்கும். யாருடைய பையிலும் இராது.

முதல் நாளைக்கு ஒரு வீட்டுப்பாடம். 35 மில்லிமீட்டர் தடி. 6205 பேரிங்குக்காக 25 மில்லிமீட்டர் விட்டத்துக்கு, 30 மில்லிமீட்டர் நீளம். முனையில் 1 மில்லிமீட்டர் சாய்வு. மேலே அச்சிட்டதைப் பார்த்து இதற்குரிய ஆணைத்தொடரை எழுதிக் கொண்டுவருக. புள்ளிகளை எண்ணிப் பார்த்த பிறகு தாளை மடியுங்கள்.